கண்டன்குட்டியின் தாகம்

வில்லுப்பாட்டு கற்று வில்லுக்குப் பின்னால் புதிதாக உட்கார வருகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் தொண்டையைப் பற்றித்தான். மிளகு மெல்லலாமா, கருப்பட்டி கரைத்துக் குடிக்கலாமா, பனியில் தலை நனையலாமா. இதற்கெல்லாம் என்னைவிட நல்ல பதில் வைத்தியரிடம் கிடைக்கும். நான் பாடியது பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவிலுள்ள கோவில்களில். கள்ளிக்காடு பக்கமும் சில வருடம் போயிருக்கிறேன். இத்தனை காலம் பாடியதில் என்னைத் திக்குமுக்காட வைத்த கேள்வி தொண்டையைப் பற்றியது அல்ல. ஒரு கதையில் எந்த இடத்தை எவ்வளவு நேரம் பாடுவது என்பதுதான்.

இதை அண்ணாவி, அதாவது குழுவின் தலைமைப் பாட்டுக்காரன், தீர்மானிக்கிறான் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கல்யாணப் பகுதியை நீட்டச் சொல்லிப் பெண்வீட்டார் போல ஒரு கூட்டம் வரும். சமையல்காரர் வந்து சோறு வெந்துவிட்டது என்பார். இவற்றைச் சமாளிக்க நீங்களே கற்றுக்கொள்வீர்கள். ஆனால் ஒரு மனிதனின் உயிர் பாட்டின் நீளத்தில் தொங்கிய ஒரு பகல் எனக்கு வாய்த்தது. அதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் காலம். கண்டன்குட்டி கோவிலில் கொடை விழா மீன மாதத்தில், அதாவது பங்குனியில், ஒரு செவ்வாய்க்கிழமை நடக்கும். ஆகவே மாதத்திலும் கிழமையிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. வருடத்தில்தான் ஊரில் இரண்டு கருத்து உண்டு. தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்ற எல்லைப் போராட்டம் நடந்த காலம் என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகிறார்கள். போலீஸ் வீடு வீடாக ஏறியது அந்த வருட அறுவடைக்கு முன்பா பின்பா என்பதில்தான் தகராறு. அறுவடைக்குப் பின்பு என்பது என் முடிவு. ஏனென்றால் இந்தக் கதையில் பின்னால் வரப்போகும் ராஜனை முதலில் பிடித்துப்போன அன்று அவன் வீட்டு முற்றத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஜீப் அதன்மேல் ஏறியது. இதை நான் மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டு உறுதி செய்திருக்கிறேன்.

அடுத்தது கதை. இதை அச்சில் தேட வேண்டாம். எங்கள் பக்கத்துக் கோவில்களில் மட்டும் பாடப்படுகிறது.

கண்டன்குட்டி ஆற்றங்கரைக் காவல் வீரன். ராஜாவின் ஆட்கள் அநியாய வரி கேட்டபோது தடுத்தவன். அவன் ஆயுதத்தைக் கழற்றி வைப்பது குளிக்கும்போது மட்டும். ஆற்றின் எந்தக் கடவில் இறங்கிக் குளிப்பான் என்பது அவன் கூட்டாளி கோலனுக்கு மட்டும் தெரியும். கோலன் காட்டிக்கொடுத்தான். தண்ணீரில் வைத்தே வெட்டினார்கள். செத்த கண்டன்குட்டி ஆவியாகத் திரும்பி வந்து, வெட்டியவர்களின் வீடுகள் ஏழையும் ஆளோடு எரிக்கிறான். எட்டாவதாகக் கோலன் வீட்டுக்கு வருகிறான். கோலன் நெல் கொட்டிவைக்கும் பத்தாயத்துக்குள் ஒளிந்திருக்கிறான். வாசலில் கோலனின் மனைவி நிற்கிறாள். ஏழு வீடு எரித்த சூட்டில் கண்டன்குட்டிக்குத் தாகம். வெள்ளம் கேட்கிறான், எங்கள் பக்கம் தண்ணீருக்கு அதுதான் பேர். அவள் மூக்கு வைத்த கிண்டிச் செம்பில் கொண்டுவந்து கொடுக்கிறாள். பத்தாயத்துக்குள்ளிருந்து மூச்சுச் சத்தம் கேட்கிறது. அவன் குடிக்கிறான், திரும்புகிறான். தெய்வமாகிறான்.

பழைய காவியங்களில் ஒரு புல் பூண்டையும் விட்டுவைக்காத வீரர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். எதிரியைக் கட்டித் தழுவிய வீரர்களைப் பற்றியும் படித்திருக்கிறேன். கண்டன்குட்டி இரண்டு கட்சியிலும் சேரவில்லை. ஏழு வீட்டில் ஒருவிதமாகவும் எட்டாவது வீட்டில் வேறுவிதமாகவும் நடந்துகொண்டான். அதற்குக் காரணமும் பாட்டில் இல்லை. அவள் நிறைசூலியாக இருந்தாள் என்று சிலர் சொல்வார்கள். தண்ணீர் குடித்த வீட்டில் கை வைக்கக் கூடாது என்பார்கள் வேறு சிலர். இரண்டும் கேட்பவர்கள் சேர்த்தது. மன்னித்தான் என்ற சொல் பாட்டில் எங்கும் கிடையாது. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

இனி வழக்கம். கொடையன்று உச்சிப்பொழுதில், கண்டன்குட்டி பழி வாங்கும் பகுதியான பழிப்பாட்டு. சாமியாடி கையில் வெட்டுக்கத்தியோடு ஆடுவார். கண்டன்குட்டியின் கை அவர், நாக்கு அண்ணாவி. அதனால் பழிப்பாட்டு தொடங்கியதும் அண்ணாவி வாயை நனைக்கக் கூடாது. எட்டாவது வீடு வந்ததும் கோலனின் வம்சத்து வீட்டிலிருந்து ஒருவர் கிண்டியில் வெள்ளம் கொண்டுவருவார். சாமியாடி கத்தியைக் கோவில் கமிட்டிக்காரர் கையில் கொடுத்துவிட்டுக் கிண்டியை வாங்கி அண்ணாவிக்குத் தருவார். அண்ணாவி குடித்த பிறகுதான் பழி தீரும். அந்த வெள்ளம் வேறு எந்த வீட்டிலிருந்தும் வரக் கூடாது. காட்டிக்கொடுத்தவன் வம்சம் என்று யாரும் அவர்களைக் குறைவாக நடத்தியதில்லை. கொடையில் முதல் பிரசாதமும் அவர்களுக்குத்தான்.

அந்த வருடம் அந்த வீட்டுக்குத் தலைவரான காரணவர் நாகப்பன். சந்திப்பில் சாயாக்கடை வைத்திருந்தார். சாமியாடி தங்கையன். தங்கையனின் மகன்தான் ராஜன்.

ராஜன் தையல்காரன். போராட்டத்தில் சேர்ந்து கூட்டங்களில் பேசினான். முற்றத்து நெல்லில் ஜீப் ஏறிய அன்று அவனைப் பிடித்துப்போய் அடித்து விட்டுவிட்டார்கள். இரண்டாம் முறை தேடியபோது பொழியூரில் ஒரு மீன்பிடிக்காரர் வீட்டில் போய் ஒளிந்தான். அந்த மீன்பிடிக்காரர் நாகப்பனின் மச்சினன். ஏற்பாடு செய்ததும் நாகப்பன்தான். ஒரு காலையில் போலீஸ் யாரிடமும் வழி கேட்காமல் நேரே அந்த வீட்டுக்குப் போனது. ராஜன் திரும்பி வந்தபோது வலது முழங்கை மடங்கவில்லை. அதற்குப் பிறகு மடங்கவே இல்லை.

அந்த வீட்டாரைத் தவிர இடம் தெரிந்தவர் நாகப்பன் ஒருவர். அவர் வம்சத்தின் பேர் ஏற்கெனவே பாட்டில் இருந்தது. ஊருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. பாதி ஊர் அவர் கடையில் சாயா குடிப்பதை நிறுத்தியது. மற்றப் பாதி பின்வாசல் வழியாகக் குடித்தது.

கொடைக்கு முந்தின வாரம் கமிட்டிச் செயலாளர் என்னைத் தேடி வந்தார்.

"அண்ணாவி, இந்த வருசம் வெள்ளம் வேண்டாம்."

"அப்போ கதை?"

"கோலனைப் பத்தாயத்துல வச்சே முடிச்சிரும். எட்டாவது வீடும் எரியட்டும்."

"எரிஞ்சா அந்த வம்சம் எப்படி உண்டாச்சு? நாகப்பன் எங்கேருந்து வந்தார்?"

"அதை யாரு கேக்கப் போறா? பாட்டுல எல்லாத்துக்குமா கணக்கு உண்டு?"

"எனக்குக் குடிக்க?"

"சோடா சொல்லியிருக்கேன். கலர் வேணும்னாலும் உண்டு."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்த நாள் நாகப்பன் வந்தார். வந்தவர் வெகுநேரம் மழையைப் பற்றிப் பேசினார்.

"பழிப்பாட்ட இந்த வருசம் கொஞ்சம் வேகமாப் பாடுவீரா?" என்றார் கடைசியில்.

"என்னத்துக்கு?"

"தங்கையனுக்கு வயசாச்சுல்லா. வெயிலு வேற."

"வெயிலுக்காகவாக்கும் கேக்கீரு?"

"வெயிலுக்காவத்தான்."

"வெள்ளம் கொண்டுவர உம்ம வீட்டுக்காரிய அனுப்பலாமே. பாட்டுலயும் பொம்பளதானே கொண்டுவாறா."

"அவ போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கா. பெண்டாட்டிய அனுப்பிட்டு நாகப்பன் பத்தாயத்துல இருந்தான்னு அடுத்த தலமுறைக்கு நீரே பாடுவீரு. நான்தான் வாறேன்."

தங்கையன் என் வீட்டுக்கு வரவில்லை. பாறசாலைச் சந்தையில் வைத்துப் பார்த்தேன். அவருக்கும் ஒரு விண்ணப்பம் இருந்தது.

"பழிய நிறுத்தி நிதானமாப் பாடணும். ஒரு வீடும் விட்டுப்போகக் கூடாது."

"எட்டாவது வீட்டுல?"

"அது அங்க போனதுக்குப் பிறகு உள்ள காரியம்."

"கத்தி வழக்கமா உள்ள கத்திதானே?"

"அதே கத்திதான். தீட்டியிருக்கேன்."

"வருசா வருசம் தீட்டுவீரா?"

"இல்ல," என்றார். பிறகு மரச்சீனிக் கிழங்கின் விலையை விசாரித்துக்கொண்டு அப்பால் போனார்.

ஆக, ஒருவர் கதையை வெட்டச் சொன்னார், ஒருவர் சுருக்கச் சொன்னார், ஒருவர் நீட்டச் சொன்னார். நான் கொடைக்கு வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அதியன்னூர்ப் பக்கத்திலிருந்து வேறு குழுவைக் கூட்டி வருவார்கள். அவர்கள் நன்றாகப் பாடுவார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தங்கையனின் கத்தி தீட்டப்பட்டிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவன் பாடுவது நல்லது என்று முடிவு செய்தேன்.

என் திட்டம் எளிமையானது. தங்கையன் கேட்டபடி பழிப்பாட்டை நீட்டுவது. அவருக்கு அறுபதை ஒட்டிய வயது, காலையிலிருந்து விரதம், மேலே மீன மாத வெயில். எட்டாவது வீடு வருவதற்குள் ஆடி ஓய்ந்துவிடுவார். ஓய்ந்த கைக்குக் கத்தி கனக்கும். அப்போது நாகப்பன் வந்து வெள்ளத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாம். இதை நான் ஒருவரிடம் மட்டும் சொன்னேன். எனக்கு எதிரே உட்கார்ந்து உடுக்கை அடித்துப் பின்பாட்டுப் பாடும் தேவதாஸிடம். தேவதாஸ் கிறிஸ்தவ மிஷன் சபைக் குடும்பம். கோவிலில் உடுக்கை அடிப்பான், பிரசாதம் வாங்க மாட்டான். சபையிலும் கமிட்டியிலும் ஒரே அளவு அதிருப்தி இருந்ததால் அவன் பிழைப்பு தடையில்லாமல் நடந்தது.

"அவரு ஓயாட்டா?" என்று கேட்டான்.

"ஓய்வார்."

"சரி. எனக்கு வெயில் படாத பக்கமா இடம் போடச் சொல்லும்."

கொடையன்று போலீஸ் வந்திருந்தது. ஒரு ஏட்டும் இரண்டு கான்ஸ்டபிள்களும். ஏட்டு வடக்கே எங்கோ இருந்து மாற்றலாகி வந்தவர். தமிழ் புரியும், பேச மாட்டார். பாட்டு தொடங்கும் முன் என்னைக் கூப்பிட்டு, "பாட்டில் சர்க்காரினு எதிராயிட்டு வல்லதும் உண்டோ?" என்று கேட்டார். ராஜாவுக்கு எதிராகக் கொஞ்சம் உண்டு, அவர் செத்து இருநூறு வருடமாவது இருக்கும் என்றேன். அது பரவாயில்லை என்றார். கத்தியைப் பற்றிக் கேட்டார். கோவில் கத்தி என்றேன். மாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

உச்சிப்பொழுதில் பழிப்பாட்டைத் தொடங்கினேன். தங்கையன் கத்தியை எடுத்தார்.

முதல் வீடு எரிந்தது. இரண்டாவது எரிந்தது. கூரையை எரித்து, உத்தரத்தை எரித்து, தொழுவத்து மாட்டை அவிழ்த்து, கிணற்றை வற்றவைத்துத்தான் அடுத்த வீட்டுக்குப் போனேன். வழக்கமாக நாலு வரியில் முடிகிற இடத்தில் நாற்பது வரி பாடினேன். நான்காவது வீட்டில் தேவதாஸ் உடுக்கையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு, "மூணாவது வீட்ட ரெண்டு தடவ எரிச்சாச்சு," என்றான். ஆட்சேபம் எழவில்லை. கூட்டம் என்னைப் பார்க்கவில்லை, தங்கையனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தங்கையன் ஓயவில்லை. ஐந்தாவது வீட்டில் அவர் ஆட்டம் முதல் வீட்டில் இருந்ததைவிடச் சுத்தமாக இருந்தது. வேர்வை நின்றுவிட்டது. கண் இமைப்பதும் நின்றுவிட்டது என்று பின்னால் சிலர் சொன்னார்கள். அதை நான் பார்க்கவில்லை, ஆகவே உறுதி சொல்ல மாட்டேன். ஆறாவது வீட்டில் என் குரல் மேலே ஏற மறுத்தது. ஏழாவது வீட்டில் கீழேயும் இறங்கவில்லை. ஆளை ஓயவைக்கப் போட்ட திட்டத்தில் ஓய்ந்துகொண்டிருந்தவன் நான்தான்.

எட்டாவது வீட்டு வாசலுக்கு வந்தோம். "வெள்ளம் தா" என்ற வரியைப் பாடினேன்.

கிழக்குப் பக்கமாக நாகப்பன் வந்துகொண்டிருந்தார். இடுப்பில் துண்டு, கையில் கிண்டி. கோவிலுக்கு என்று செருப்பில்லாமல் வந்தார். பந்தல் ஓரத்தில் கமிட்டி ஆட்கள் நான்கு பேர் கைகோத்து நின்றார்கள். அவர் நின்றார். அவர் இடது பக்கம் நகர்ந்தார், அவர்களும் நகர்ந்தார்கள்.

நான் மறுபடி "வெள்ளம் தா" என்று பாடினேன். மூன்றாம் முறை பாடியபோது காற்று வந்தது, சொல் வரவில்லை.

செயலாளர் ஒரு சோடாவை உடைத்துக்கொண்டு ஓடி வந்தார். "குடியும். குடிச்சிட்டு மங்களம் பாடிரும்."

நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

"ஓய், நாடகம் காட்டாதயும். தொண்ட கிழிஞ்சு சாவப்போறீரு."

நீங்கள் ஒரு நாள் இந்த இடத்தில் உட்காரலாம். ஆகவே எனக்கு முன்னால் என்ன இருந்தது என்று சொல்கிறேன். சோடாவைக் குடித்தால் பழி தீரவில்லை. தீராத பழியோடு தங்கையன் தீட்டிய கத்தியுடன் நிற்பார். குடிக்காமல் தாளத்தை மட்டும் ஓட்டினால் அவர் ஆடிக்கொண்டே இருப்பார். ஆடும் சாமி எந்தப் பக்கமும் போகலாம், யாரையும் வெட்டலாம். கண்டன்குட்டி வெட்டினான் என்று ஊர் சொல்லிவிடும். அவரும் அப்படியே நம்பிவிடுவார். அந்தக் கூட்டத்தில் அப்படிச் சொல்லத் தயாராக இருந்தவர்களின் முகங்களை என்னால் பார்க்க முடிந்தது.

வில்லின் நாணை அடிக்கும் வீசுகோலை வில்லின்மேல் படுக்கவைத்தேன். அதற்கு நிறுத்து என்று அர்த்தம். தேவதாஸ் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு உடுக்கையைக் கீழே வைத்தான். குடத்தின் முழக்கம் நின்றது. தாளம் நின்றது.

பழிப்பாட்டின் நடுவில் வில்லை நிறுத்திய அண்ணாவி எனக்கு முன்பு யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. பின்னும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அன்று எனக்குத் தோன்றியது இவ்வளவுதான்: பாட்டு நடக்கும்போது கத்தி என்ன செய்தாலும் அது கண்டன்குட்டி செய்தது. பாட்டு நின்றுவிட்டால் தங்கையன் செய்தது. அவர் செய்வதானால் அவராகவே செய்யட்டும்.

தங்கையன் இரண்டு அடி ஆடி, நின்றார். வில்லுக்கு நேரே வந்தார்.

"என்னத்துக்கு நிறுத்தின?"

நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அவர் சோடாக் குப்பியைப் பார்த்தார். செயலாளரைப் பார்த்தார். பிறகு பந்தல் ஓரத்தில் கைகோத்து நின்றவர்களைப் பார்த்தார்.

"வெள்ளம் எங்கலே?"

ஏட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"வழி விடுங்கலே," என்றார் தங்கையன்.

கைகள் பிரிந்தன. நாகப்பன் நடந்து வந்தார். கிண்டியின் மூக்கிலிருந்து வெள்ளம் வழியெல்லாம் சிந்தியது. கத்தி எட்டும் தூரத்துக்கு வந்து நின்றார். கிண்டியை நீட்டினார். தங்கையன் வாங்கவில்லை.

"ராஜன் பொழியூர்ல கெடக்கான்னு சொன்னது நீயா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மச்சினன் சொன்னான் என்றோ கடல்புறத்தில் யாரோ பார்த்தார்கள் என்றோ சொல்லியிருக்கலாம். ஊர் முழுக்கச் சந்தேகம் இருந்தது, கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை.

"நான்தான்," என்றார் நாகப்பன்.

"என்னத்துக்கு?"

"கடைக்கு வந்து கேட்டானுவ. தெரியாதுன்னு சொன்னேன். கூட்டிட்டுப் போய்க் கேட்டானுவ. அங்கயும் தெரியாதுன்னுதான் சொன்னேன். பொறகு தெரியும்னு சொன்னேன்."

"நடுவுல என்ன நடந்தது?"

நாகப்பன் மாமரத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "நடந்தது," என்றார்.

கடையில் அவர் எப்போதும் பலகைக்குப் பின்னால் நிற்பவர். அவர் பாதங்களை அன்றுதான் ஊர் பார்த்தது. வலது காலில் மூன்று விரல்களுக்கு நகம் இல்லை. அதைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. தங்கையனும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"எனக்க மவன் தையக்காரன்," என்றார்.

"தெரியும்."

"கை மடங்கல்ல."

"தெரியும், தங்கையா."

தங்கையன் கத்தியைத் தூக்கினார். நான் கண்ணை மூடவில்லை. மூடியிருந்தால் இதை எழுத எனக்கு அருகதை இல்லை. ஏட்டு ஓடி வரத் தொடங்கினார். செயலாளர் வழக்கப்படி கத்தியை வாங்கக் கையை நீட்டினார், அது பழக்கத்தில் நீண்டதா பயத்தில் நீண்டதா என்று எனக்குத் தெரியாது. தங்கையன் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. கத்தியைத் திருப்பிப் பிடியை நாகப்பனுக்கு நேரே நீட்டினார்.

"பிடி."

நாகப்பனுக்குப் புரியவில்லை.

"பிடிலே. கிண்டிய இஞ்ச தா."

கத்தி நாகப்பன் கைக்குப் போயிற்று, கிண்டி தங்கையன் கைக்கு வந்தது. அதில் கால்வாசி வெள்ளம்தான் மிச்சம் இருந்தது. கொண்டுவந்து என் வாயில் ஊற்றினார். சூடாக இருந்தது. வீசுகோலை எடுத்தேன். "குடித்தான், திரும்பினான்" என்ற வரி வந்தது. குரல் நன்றாக இல்லை.

தங்கையன் திரும்பினார். தீட்டிய கத்தியோடு நின்ற நாகப்பனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவசரப்படாமல், கோவிலுக்குள் நடந்து போனார்.

சாமியாடி கொடுத்த கத்தியைச் சாமியாடிதான் திரும்ப வாங்க வேண்டும். அதுவரை கீழே வைக்கக் கூடாது. செயலாளரானால் துணி விரித்துத் தோளில் சாய்த்துக்கொள்வார், யாராவது குடை பிடிப்பார்கள். நாகப்பனுக்குக் குடை பிடிக்க ஒருவரும் போகவில்லை. அவரிடமிருந்து வாங்கவும் ஒருவரும் போகவில்லை. அலங்காரப் பூசை நடந்தது, தீபாராதனை நடந்தது, நான் வரம் கொடுக்கிற பகுதியைப் பாடினேன். அவர் வெயிலில், ஊர் நடுவே, நீட்டிய இரண்டு கைகளிலும் கத்தியை ஏந்தி நின்றார். தோள் நடுங்கி, முழங்கை நடுங்கி, கடைசியில் உடம்பே நடுங்கியது. கத்தியைக் கீழே விடவில்லை.

ஏட்டு என் பக்கத்தில் வந்து குனிந்து, "இப்போ கத்தி மற்றயாளுடெ கையிலாணு. ஞான் எந்து எழுதணும்?" என்று கேட்டார். கத்தி இப்போது எதிராளியின் கையில் இருக்கிறதே, என்ன எழுதுவது என்பது அவர் கவலை.

"வெள்ளம் கொண்டுவந்தார் என்று எழுதுங்கள்," என்றேன். அவர் எதையும் எழுதியதாகத் தெரியவில்லை. கான்ஸ்டபிள்களைக் கூட்டிக்கொண்டு பூசை முடியும் முன்பே போய்விட்டார்.

தங்கையன் நெற்றியில் திருநீறோடு வெளியே வந்தார். நாகப்பன் கையிலிருந்து கத்தியை எடுத்தார்.

"போ. கடையத் திற. ஆளுவ காலையிலேருந்து சாயா குடிக்காமக் கெடக்கு."

நாகப்பன் போய்க் கடையைத் திறந்தார். முதலில் தேவதாஸ் போனான், பிரசாதம் வாங்காதவனுக்குப் பசி அதிகம். பிறகு ஆட்கள் முன்வாசல் வழியாகப் போனார்கள். ராஜனும் போனான். இடது கையால் குடித்தான். நாகப்பன் அவனுக்கு மட்டும் ஆற்றிக் கொடுத்தார், ஒரு கையால் ஆற்ற முடியாதல்லவா.

அன்று முதல் கோலன் வம்சத்தார்தான் கத்தியை ஏந்தி நிற்கிறார்கள். இப்போது கமிட்டி அடிக்கிற நோட்டீசில் இதைத் தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்று போடுகிறார்கள். தொன்றுதொட்டு அல்ல. எந்த வருடம், எந்தச் செவ்வாய் என்று கேட்டு வந்தால் விவரம் தருகிறேன்.

தொழில் விஷயமாக உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்களில் சிலர், இந்தக் காலத்துக்குப் பழி எதற்கு, அதைச் சுருக்கி இரக்கத்தை விரித்துப் பாடலாமே என்கிறீர்கள். பாடாதீர்கள் என்றோ பாடுங்கள் என்றோ நான் சொல்லப்போவதில்லை. ஆனால் ஏழு வீடும் எரியாமல் எட்டாவது வீட்டில் வெள்ளம் கேட்டால், அது வழிப்போக்கன் கேட்பது போல இருக்கும். கொடுப்பவளுக்கும் கை நடுங்காது. எரிக்க வேண்டியதை எரித்துவிட்டு வாருங்கள். அதே சமயம் என்னைப் போல, ஒருவனைக் களைக்க வைத்தால் இரக்கம் வந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். தங்கையன் களைக்கவில்லை. களைத்திருந்தால் அவர் கத்தியைச் செயலாளரிடம் கொடுத்திருப்பார்.

அடுத்த வருடக் கொடைக்குப் போனபோது தங்கையனைப் பார்த்தேன். அந்த ஒரு வருடத்தில் அவர் நாகப்பன் கடை வாசலை மிதிக்கவில்லை, அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்று தேவதாஸ் சொல்லியிருந்தான். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நாகப்பனை மன்னிச்சாச்சுன்னு ஊரெல்லாம் பேச்சு. நீரு சாயா குடிக்கக்கூடப் போகல்லியாமே."

தங்கையன் கச்சையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சாச்சுன்னு யாரு சொன்னா?" என்றார். "வெள்ளம் குடிச்சது நீராக்கும், அண்ணாவி. நான் இல்ல."

அன்றும் ஏழு வீட்டையும் எரித்தோம். எட்டாவது வீட்டு வாசலில் அவர் கத்தியை நாகப்பனிடம்தான் கொடுத்தார். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.